அரபி எழுத்தில் கிறிஸ்தவ வாசகம்: சிலுவைப்போர் கால அக்கோ காசை முதன்முதலாக வாங்குகிறவர்களுக்கு

1251இல் அக்கோ நகரத்து நாணயச்சாலையில் ஒரு வெள்ளிக் காசு அடித்தார்கள். சிலுவைப்போர் வீரர்களின் எருசலேம் ராஜ்யத்துக்கு அப்போது அதுதான் தலைநகரம். மேலோட்டமாகப் பார்த்தால் டமாஸ்கஸின் முஸ்லிம் ஆட்சியாளர்கள் அடித்த திர்ஹம் என்ற வெள்ளிக் காசு என்றே தோன்றும். எழுத்து முழுக்க அரபி. ஆனால் அந்த அரபியில் இருப்பது "ஒரே கடவுள், ஒரே விசுவாசம், ஒரே ஞானஸ்நானம்" என்று பைபிளில் பவுல் எழுதிய வாசகம். ஓரத்தில் "பிதா, சுதன், பரிசுத்த ஆவி". வருடமும் ஹிஜ்ரி கணக்கில் இல்லை, கிறிஸ்து பிறப்புக் கணக்கில் இருக்கிறது.

இதில் ஒரு காசையாவது பில், அனுமதி, கைமாறிய வரலாறு என்று ஒழுங்கான தாள்களோடு வாங்க ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் காசு கைக்கு வந்து சேர்வதற்குள் நிறைய அலைய வேண்டியிருந்தது. எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்களுக்குச் சுங்கம் தெரியவில்லை, சுங்கம் தெரிந்தவர்களுக்குக் காசு தெரியவில்லை, இரண்டும் தெரிந்த வியாபாரிகளுக்குப் பதில் சொல்ல நேரமில்லை. தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன். நான் இருப்பது லண்டனில், அதனால் செலவுக் கணக்கு பவுண்டில் வரும். மற்ற நாடுகளில் இருப்பவர்களுக்கு எது மாறும் என்பதையும் அங்கங்கே சொல்லியிருக்கிறேன்.

வரலாற்றில் இவ்வளவு தெரிந்தால் இப்போதைக்குப் போதும். சிலுவைப்போர் ஆட்சியாளர்கள் நெடுங்காலமாக முஸ்லிம் அரசர்களின் காசுகளை அப்படியே நகலெடுத்து அடித்துவந்தார்கள். பிரான்ஸ் மன்னர் ஒன்பதாம் லூயியோடு வந்திருந்த போப்பின் தூதர், ஷாட்டோரூவின் ஓடோ, நபிகள் நாயகத்தின் பெயரும் ஹிஜ்ரி வருடமும் உள்ள காசைக் கிறிஸ்தவர்கள் அடிப்பதைக் கண்டித்துத் தடை போட்டார். போப் நான்காம் இன்னசென்ட் 1253இல் எழுதிய கடிதம் அந்தத் தடையை உறுதி செய்தது. வணிகர்களுக்கோ பழகிய வடிவத்தில்தான் காசு வேண்டும். எனவே வடிவத்தையும் மொழியையும் வைத்துக்கொண்டு வாசகத்தை மட்டும் மாற்றினார்கள். நாம் தேடுவது அந்தக் காசைத்தான்.

1. எந்தக் காசு வேண்டும் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

"சிலுவைப்போர் அரபிக் காசு" என்று தேடினால் மூன்று வகை கலந்து வரும். மூன்றுக்கும் விலை வேறு, படிக்க வேண்டியதும் வேறு.

முதல் வகை தங்கம். எகிப்தின் ஃபாத்திமி கலீஃபாக்கள் அல்-முஸ்தன்ஸிர், அல்-ஆமிர் ஆகியோரின் தினார்களைப் பார்த்து அடித்த நகல். திரிப்போலியில் (இன்றைய லெபனானில் இருக்கும் ஊர்) முன்னவரையும் எருசலேம் ராஜ்யத்தில் பின்னவரையும் பின்பற்றினார்கள். இவற்றுக்குப் பெசன்ட் என்று பெயர். இதில் இருப்பது இஸ்லாமிய வாசகம்தான், அதுவும் போகப்போகச் சிதைந்து வெறும் கோடுகளாகிவிடும்.

இரண்டாம் வகை வெள்ளி. டமாஸ்கஸை ஆண்ட அல்-ஸாலிஹ் இஸ்மாயில், அலெப்போவை ஆண்ட அல்-ளாஹிர் காஸி ஆகியோரின் திர்ஹம்களின் நகல். இதிலும் வாசகம் இஸ்லாமியமே. அசலையும் நகலையும் பிரிப்பது அனுபவம் உள்ளவர்களுக்கே சிரமம். இஸ்மாயில் 1245இல், அதாவது ஹிஜ்ரி 643இல், டமாஸ்கஸை இழந்துவிட்டார். அதற்குப் பிந்தைய வருடத்தோடு அவர் பெயரில் டமாஸ்கஸ் காசு வந்தால் அது நகல் என்று தயங்காமல் சொல்லலாம். மற்றபடி எழுத்தின் நடையை வைத்துத்தான் முடிவு செய்கிறார்கள்.

மூன்றாம் வகைதான் 1251இலும் அதையடுத்தும் அக்கோவில் அடித்த கிறிஸ்தவ வாசகக் காசு. வெள்ளியில் திர்ஹமும் அரைத் திர்ஹமும் உண்டு, தங்கத்தில் பெசன்ட் உண்டு. சில வெள்ளிக் காசுகளிலும் தங்கக் காசுகளிலும் நடுவில் சிலுவை இருக்கும்.

இங்கே ஒரு பொறி. விற்பனைப் பட்டியலில் முதல் இரண்டு வகைக்கும் "கிறிஸ்தவக் காசு" என்று தலைப்புப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அடித்தவர் கிறிஸ்தவர் என்பதால் அது பொய்யில்லை. ஆனால் நீங்கள் தேடும் வாசகம் அதில் இருக்காது. சிலுவைப்போரில் சண்டையிட்ட துறவி வீரர்களின் சபைப் பெயரைச் சேர்த்து "டெம்ப்ளர் காசு" என்று யாராவது எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். இந்தக் காசுகள் சிலுவைப்போர் ஆட்சியாளர்கள் அடித்தவை.

கையில் பணம் குறைவாக இருப்பவர்களுக்கு ஒரு யோசனை. ஜார்ஜியாவின் ராணி தமார் காலத்துச் செப்புக் காசிலும் அரபியில் கிறிஸ்தவப் பட்டம் உண்டு. "ராணிகளின் ராணி... மெசியாவின் துணை" என்று எழுதியிருக்கும். ஒழுங்கற்ற வடிவம், மேலே முத்திரை குத்து, பார்க்க அழகில்லை. ஆனால் முதல் பயிற்சிக்கு இதைவிடச் சிக்கனமான அசல் காசு கிடைக்காது.

2. வாங்குவதற்கு முன் எழுத்தைப் படிக்கப் பழகுங்கள்

பெரும்பாலானவர்கள் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு மிகவும் உதவியது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். முழு அரபி தெரிய வேண்டியதில்லை. ஏழெட்டுச் சொற்களின் வடிவம் கண்ணுக்குப் பழகினால் போதும்.

இரண்டு விஷயங்களை மனதில் வையுங்கள். வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டும். அந்தக் காலத்துக் காசில் எழுத்துகளுக்கான புள்ளிகள் பெரும்பாலும் இருக்காது. பாடப்புத்தக அரபியை எதிர்பார்த்துப் போனால் ஒன்றும் பிடிபடாது.

வெள்ளித் திர்ஹத்தின் ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் மூன்று வரி: "இலாஹ் வாஹித், அல்-ஈமான் வாஹித், அல்-மஃமூதிய்யா வாஹிதா". வரிக்கு ஒருமுறை "வாஹித்" திரும்ப வருகிறது. முதலில் அதைத் தேடுங்கள். ஒரே வடிவம் மூன்று இடத்தில் தெரிந்தால் சரியான காசுக்கு அருகில் வந்துவிட்டீர்கள். முஸ்லிம் காசுகளிலும் இறைவனின் ஒருமை பற்றிய வாசகம் உண்டு, ஆனால் இப்படி மூன்று முறை அடுக்காக வராது. மறுபக்கத்தில் அவருக்கே என்றென்றைக்கும் மகிமை என்ற பொருளில் ஒரு வாசகம், அதன் முடிவில் "ஆமீன் ஆமீன்" என்று இரட்டிப்பு. இதுவும் கண்ணுக்கு நல்ல பிடிமானம்.

அப்புறம் ஓர எழுத்து. "அல்-அப் வல்-இப்ன் வர்-ரூஹ் அல்-குதுஸ்", அதாவது பிதா, சுதன், பரிசுத்த ஆவி, ஒரு பக்க ஓரத்தில் ஓடும். மறுபக்க ஓரத்தில் "ளுரிப பி-அக்கா", அக்காவில் அடிக்கப்பட்டது என்று தொடங்கி வருடம் வரும். அரபியில் ஊர்ப் பெயர் அக்கா. இன்றைய இஸ்ரேலில் அக்கோ என்கிறார்கள், ஆங்கிலப் பட்டியல்களில் ஏக்கர் என்று வரும். மூன்றும் ஒரே ஊர்தான்.

வருடம் எண்ணில் இருக்காது, சொல்லில் இருக்கும்: "ஸனத் அல்ஃப் வ மிஅதைன் வ அஹத் வ கம்ஸீன்". ஆயிரம், இருநூறு, ஒன்று, ஐம்பது. இங்கே எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு சோதனை இருக்கிறது. 1251 என்பது ஹிஜ்ரி கணக்கில் 648, 649. ஹிஜ்ரி ஆயிரம் வர இன்னும் மூன்றரை நூற்றாண்டு பாக்கி. ஆகவே அந்தக் காலத்து முஸ்லிம் காசில் "அல்ஃப்" என்ற ஆயிரம் வரவே முடியாது. வருடத்தில் அது இருந்தால் காசு கிறிஸ்தவக் கணக்கில் அடித்தது. "அல்" என்ற முன்னொட்டும் இதே இரண்டு நெட்டைக் கோடுகளில்தான் தொடங்கும் என்பதால் ஏமாற வாய்ப்புண்டு. "ஸனத்" என்ற சொல்லுக்கு அடுத்து வருகிறதா, கடைசி எழுத்து வளையமும் தட்டையான வாலுமாக முடிகிறதா என்று பாருங்கள்.

இந்தச் சோதனைக்கு ஒரு விலக்கு உண்டு. ஸ்பெயினில் காஸ்டில் மன்னர் எட்டாம் அல்ஃபோன்சோ தொலேதோவில் அடித்த தங்கக் காசிலும் அரபி, சிலுவை, ஆயிரத்தைத் தாண்டிய வருடம் எல்லாம் இருக்கும். அது ஸ்பானிய சகாப்தக் கணக்கு, நம் கணக்கைவிட 38 கூடுதல். சிலுவைக்குக் கீழே லத்தீன் எழுத்தில் "ஏ எல் எஃப்" என்று தெரிந்தால் அது தொலேதோ. நல்ல காசு, ஆனால் நம் காசு இல்லை.

சிலுவை உள்ள வகையில் வாசகம் பவுல் எழுதிய கலாத்தியர் நிருபத்திலிருந்து: நம் ஆண்டவர் இயேசு கிறிஸ்துவின் சிலுவையிலே மேன்மை பாராட்டுகிறோம், நம் இரட்சிப்பும் ஜீவனும் உயிர்த்தெழுதலும் அவரிலே. தொடக்கச் சொல் "நஃப்தகிரு". தங்கப் பெசன்டில் வாசகம் வட்டத்துக்குள் வட்டமாக ஓடுவதால் தொடக்கத்தைக் கண்டுபிடிப்பது கடினம். நடுச் சிலுவையைப் பார்த்து வகையைத் தெரிந்துகொண்டு, வாசகத்தைப் பிறகு நிதானமாகப் படியுங்கள்.

எங்கே பழகுவது? நியூயார்க்கில் உள்ள அமெரிக்க நாணயவியல் சங்கம், பிரிட்டிஷ் மியூசியம் இரண்டும் தங்கள் சேகரிப்பை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. படங்களைப் பெரிதாக்கி, தாளில் எழுத்துகளை வரைந்து பாருங்கள். கையால் வரைந்தது மறக்காது. ஏலப் பட்டியல்களில் "சி.சி.எஸ்." என்று ஓர் எண் வரும். மல்லாய் முதலானோர் தொகுத்த சிலுவைப்போர் நாடுகளின் நாணய அட்டவணை எண் அது. காசு எந்த வகை என்று ஒப்பிட அந்த எண் போதும்.

3. ஓர் அசலையாவது கையில் வாங்கிப் பாருங்கள்

படத்தில் எடை தெரியாது. திர்ஹம் சுமார் 2.8 கிராம், அரைத் திர்ஹம் அதில் பாதி. உள்ளங்கையில் வைத்தால் இவ்வளவு மெல்லியதா என்று ஆச்சரியமாக இருக்கும்.

ஆக்ஸ்போர்டில் ஆஷ்மோலியன் மியூசியத்தின் ஹெபர்டன் நாணய அறையில் சிலுவைப்போர் காசுகளின் சிறந்த தொகுப்பு இருக்கிறது. பிரிட்டிஷ் மியூசியத்திலும் நாணயப் பிரிவுக்கு ஆய்வறை உண்டு. இரண்டுக்கும் முன்கூட்டியே எழுதி நேரம் வாங்க வேண்டும். எந்தக் காசு, எதற்காக என்று இரண்டு வரியில் தெளிவாக எழுதுங்கள். பேராசிரியராக இருக்க வேண்டியதில்லை. அடையாள அட்டையை மறக்காதீர்கள். இது முடியாதவர்கள் பெரிய ஏல நிறுவனங்கள் ஏலத்துக்கு முன்பு வைக்கும் பார்வை நாட்களுக்குப் போகலாம். வாங்காவிட்டாலும் காசை எடுத்துக் காட்டுவார்கள்.

4. விலைக்கு மேல் எவ்வளவு ஆகும்

நான் கவனித்துவரும் ஏலங்களில் தோராயமான நிலவரம் இது. வெள்ளி நகல் திர்ஹம் நூறு பவுண்டுக்குள் கிடைத்துவிடும். கிறிஸ்தவ வாசகத் திர்ஹம் நூற்றைம்பதில் தொடங்கி, எழுத்து முழுசாக இருந்தால் ஐந்நூறைத் தாண்டும். தங்கத்தில் சிலுவையும் கிறிஸ்தவ வாசகமும் உள்ள பெசன்ட் ஆயிரக்கணக்கில் போகும், முதல் காசாக அதைத் தொடவே வேண்டாம்.

விலையைத் தீர்மானிப்பது ஓர எழுத்துதான். காசின் மேல் வைத்து அடிக்கும் அச்சு பெரிதாகவும் வெள்ளித் தகடு சிறிதாகவும் இருந்ததால் ஓரம் விழாத காசுகள் ஏராளம். ஊர்ப் பெயரும் வருடமும் தெரிந்தால் விலை ஏறும். நடு வரிகள் நன்றாக இருந்து ஓரம் வெட்டுப்பட்ட காசு புதியவருக்கு நல்ல தேர்வு என்பது என் அபிப்பிராயம். படிக்கவும் முடியும், பையும் காலியாகாது. துளையிட்டு நகையாகப் போட்டிருந்த காசுகளும் மலிவாக வரும்.

ஏலத்தில் கண்ணில் படும் விலை கட்ட வேண்டிய விலை அல்ல. 300 பவுண்டுக்கு ஒரு காசை எடுத்ததாக வையுங்கள். ஏல நிறுவனத்துக்குத் தரும் வாங்குபவர் கட்டணம் 20 சதவீதம் என்றால் 60. அந்தக் கட்டணத்தின் மேல் வாட் (மதிப்புக் கூட்டு வரி) 20 சதவீதம், அதாவது 12. காசு வெளிநாட்டிலிருந்து ஏலத்துக்காகக் கொண்டுவந்தது என்றால் விலையின் மேல் இறக்குமதி வாட் 5 சதவீதம், 15. இணையதளம் வழியாக ஏலம் கேட்டிருந்தால் அவர்களுக்கு 3 சதவீதம் போல, 9. காப்பீட்டோடு அஞ்சல் 15. மொத்தம் 410ஐத் தாண்டிவிட்டது. இறக்குமதி வாட் உண்டா என்பது பட்டியலில் அந்தக் காசின் எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்னக் குறியீட்டில்தான் தெரியும். அதன் விளக்கம் கடைசிப் பக்க நிபந்தனைகளில் இருக்கும். ஏலத்துக்கு முந்தைய நாளே படித்துவிடுங்கள். கட்டணம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், 25 சதவீதம் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

எனவே மொத்தம் எவ்வளவு தரத் தயார் என்று முதலில் முடிவு செய்துவிட்டு, அதை 1.35ஆல் வகுத்து வரும் எண்ணோடு நிறுத்திக்கொள்ளுங்கள். சின்னத் தொகைகளில் அஞ்சல் செலவு கூடுதலாக உறுத்தும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

5. தாள்கள்: பணம் அனுப்பும் முன்பே கேளுங்கள்

இதில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரன். அக்கோ காசு இன்றைய இஸ்ரேல், லெபனான், சிரியா மண்ணிலிருந்து வருகிறது. அங்கே திருட்டுத்தனமாகத் தோண்டியது எவ்வளவோ சந்தைக்கு வந்திருக்கிறது. ஒரு காசு எந்த மண்ணில், எந்தக் காசுகளோடு கிடைத்தது என்பது அழிந்துபோனால் திரும்ப வராது. அதனால் தாள் இல்லாத காசை, எவ்வளவு மலிவானாலும், வாங்க வேண்டாம் என்பதே என் வேண்டுகோள். பின்னாளில் விற்கவும் அது உங்களுக்குத் தொல்லையாகத்தான் முடியும்.

கேட்க வேண்டியவை இவை. காசின் படம், எடை, விட்டம், அட்டவணை எண் எல்லாம் எழுதிய பில். இதற்கு முன் யாரிடம் இருந்தது, எந்த ஏலத்தில் எந்த எண்ணில் விற்றது என்ற கைமாறிய வரலாறு. பழைய சேகரிப்பாளர் எழுதிய சிறு அட்டை இருந்தால் அதன் மூலமே வேண்டும், நகல் போதாது. காசு வேறு நாட்டிலிருந்து வந்திருந்தால் அந்த நாட்டின் ஏற்றுமதி அனுமதி.

பண்பாட்டுப் பொருள்களின் சட்ட விரோத வியாபாரத்தைத் தடுக்கும் யுனெஸ்கோ ஒப்பந்தம் 1970இல் வந்ததால் அதற்கு முந்தைய ஆதாரம் இருப்பது மிகவும் மேல். சிறு காசுகளுக்கு அது அபூர்வம்தான். அப்படியானால் சிரியப் போர் தொடங்கிய 2011க்கு முன்பே காசு சந்தையில் இருந்ததற்கான அச்சிட்ட சான்றையாவது கேளுங்கள். பழைய ஏலப் பட்டியலின் படத்தை உங்கள் காசோடு வைத்துப் பாருங்கள். விளிம்பின் நெளிவும் வெடிப்பும் பொருந்த வேண்டும். "சுவிஸ் தனியார் சேகரிப்பு" என்ற ஒற்றை வரி சான்று ஆகாது.

நேரடியாக இஸ்ரேலில் வாங்குகிறவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அங்கே 1978ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டப்படி 1700க்கு முன் மனிதர் செய்த எதுவும் தொல்பொருள். உரிமம் பெற்ற வியாபாரிதான் விற்கலாம், உரிமத்தைக் கடையில் மாட்டியிருப்பார். தொல்பொருள் ஆணையத்தின் எழுத்து அனுமதி இல்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. காசு ஆணையத்தின் பதிவில் எந்த எண்ணில் இருக்கிறது என்று கேளுங்கள். ஏற்றுமதி அனுமதிக்கு வியாபாரியே விண்ணப்பிப்பார், அது கைக்கு வர வாரக்கணக்கில் ஆகலாம். பயணத்தின் கடைசி நாளில் வாங்கிவிட்டு விமான நிலையத்துக்கு ஓடாதீர்கள். பழைய நகரத்து நடைபாதையில், பையிலிருந்து எடுத்துக் காட்டும் காசு அசலானால் சட்ட விரோதம், இல்லாவிட்டால் போலி. இரண்டும் வேண்டாம்.

6. போலியைக் கண்டுபிடிக்க

இந்த வகையில் இரண்டு விதப் போலி வருகிறது. ஒன்று வார்ப்பு. அச்சில் ஊற்றி எடுத்தது. எழுத்துகளின் ஓரம் மழுங்கி இருக்கும், சமதளத்தில் சிறு குழிகள் தெரியும், விளிம்பைச் சுற்றி அரத்தால் தேய்த்த கோடு இருக்கும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் வைத்து விளிம்பைத்தான் முதலில் பாருங்கள். அடித்த காசின் விளிம்பில் அழுத்தத்தால் வந்த மெல்லிய வெடிப்புகள் இருக்கும்.

இன்னொன்று புதிய அச்சில் அடித்தது. இது ஆபத்தானது. இதற்கு எழுத்துதான் காவல். அரபி தெரியாதவர் செதுக்கிய அச்சில் எழுத்து இணைய வேண்டிய இடத்தில் இணையாது. அதே சமயம் சிதைந்த அரபி என்றாலே போலி என்று முடிவு கட்டிவிடாதீர்கள். தங்க நகல்களில் எழுத்துச் சிதைவு இயல்பு. கிறிஸ்தவ வாசக வெள்ளிக் காசுகளில் அப்படி இல்லை, அரபி நன்றாகத் தெரிந்தவர் எழுதிக் கொடுத்த தெளிவு அவற்றில் இருக்கும். ஆகவே வெள்ளியில் எழுத்து தடுமாறினால் சந்தேகப்படுங்கள்.

ஒரே விற்பனையாளரிடம் ஒரே இடத்தில் ஒரே கீறலோடு இரண்டு காசு இருந்தால் இரண்டுமே வேண்டாம். தங்கம் வாங்குகிறவர்கள் எக்ஸ்ரே சோதனையில் தங்க அளவைப் பார்த்துக்கொள்ளலாம். சிலுவைப்போர் பெசன்டுகள் சுத்தத் தங்கம் அல்ல, கலப்பு அதிகம். முழுக்கத் தங்கம் என்று சோதனை சொன்னால் அதுவே சந்தேகத்துக்கு இடம்.

திருப்பிக் கொடுக்கும் நிபந்தனையை எழுத்தில் வாங்குங்கள். நல்ல வியாபாரிகள் காசு அசல் என்பதற்குக் காலவரம்பு இல்லாத உத்தரவாதம் தருவார்கள். சில நாட்கள் மட்டும் என்று சொல்கிறவரிடம் முதல் காசை வாங்க வேண்டாம்.

7. சுங்கத்தைத் தாண்டுவது

வெளிநாட்டிலிருந்து அஞ்சலில் வரவழைக்கும்போது எல்லாமே உறையின் மேல் ஒட்டும் சுங்கச் சீட்டைப் பொறுத்தது. எனக்கு அனுப்பிய ஒரு விற்பனையாளர் அதில் "உலோகத் துண்டு" என்று எழுதிவிட்டார். பொட்டலம் தடுத்து வைக்கப்பட்டு, பில்லும் விளக்கமும் கேட்டுக் கடிதம் வந்து, முழு வரியும் போட்டு, அதைத் திரும்பப் பெற மறுபடி விண்ணப்பிக்க வேண்டியதாயிற்று. நீங்கள் அந்தப் பாடு படத் தேவையில்லை.

விற்பனையாளருக்கு அனுப்ப வேண்டிய வாசகம் இதுதான்: வெள்ளி நாணயம், 13ஆம் நூற்றாண்டு, நூறு ஆண்டுக்கு மேற்பட்டது, நாணயவியல் சேகரிப்புப் பொருள், சுங்கக் குறியீட்டு எண் 9705 31. அவர் மொழியில் அப்படியே எழுதச் சொல்லுங்கள். உண்மையான விலையையே எழுதச் சொல்லுங்கள். குறைத்துக் காட்டுகிறேன் என்று அவரே முன்வந்தாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். காப்பீடும் போய்விடும், குற்றமும் ஆகும். பில்லின் ஒரு பிரதி உறைக்கு வெளியே உள்ளே இருப்பது தெரியும் பிளாஸ்டிக் பையில், இன்னொன்று உள்ளே. ஏற்றுமதி அனுமதி இருந்தால் அதுவும் அப்படியே.

இந்தக் குறியீட்டில் வந்தால் பிரிட்டனில் இறக்குமதி வாட் 5 சதவீதம்தான், சாதாரணப் பொருளுக்குப் போல 20 இல்லை. ஜெர்மனியில் 7, பிரான்ஸில் 5.5. அஞ்சல் துறையோ கூரியரோ கையாளும் கட்டணம் தனியாகக் கேட்கும், கூரியருக்கு அது கூடுதலாகவே இருக்கும்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பவர்கள் கவனிக்க: 2025 ஜூன் 28 முதல் பண்பாட்டுப் பொருள்களின் இறக்குமதிக்குப் புதிய விதி முழுமையாக நடைமுறைக்கு வந்துவிட்டது. 200 ஆண்டுக்கு மேற்பட்டதும் ஒன்று 18,000 யூரோவுக்குக் குறையாததுமான நாணயத்துக்கு இறக்குமதியாளர் உறுதிமொழி தர வேண்டும். அகழ்வில் கிடைத்த பொருள் என்று கருதப்பட்டால் 250 ஆண்டுக்கு மேற்பட்டது எந்த விலையானாலும் அனுமதி கேட்பார்கள். நம் திர்ஹம் இருநூறு முந்நூறு யூரோ காசு என்றாலும், சட்டப்படி வெளியே வந்ததற்கான தாளைத் தயாராக வைத்திருங்கள். அமெரிக்காவில் சிரியா, ஜோர்டான் நாடுகளின் தொல்பொருள்களுக்கு இறக்குமதிக் கட்டுப்பாடு உண்டு, பட்டியலில் நாணயங்களும் அடக்கம்.

இந்தியாவுக்குக் கொண்டுபோக நினைப்பவர்கள் ஒன்றை யோசித்துச் செய்யுங்கள். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் நூறு ஆண்டுப் பழமையான எந்த நாணயத்தையும் தொல்பொருள் என்கிறது. எந்த நாட்டுக் காசு என்று அது பிரிக்கவில்லை. அரசோ அரசு அதிகாரம் கொடுத்தவரோ தவிர யாரும் அதை ஏற்றுமதி செய்ய முடியாது. உள்ளே போன காசைத் திரும்ப வெளியே எடுக்க நினைத்தால் சிக்கல்தான்.

8. காசு கைக்கு வந்த அன்று

உறையைப் பிரிக்கும்போதே படம் எடுங்கள். எடையைப் பாருங்கள், பில்லில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும். 0.01 கிராம் காட்டும் சிறு தராசு மலிவாகக் கிடைக்கும். இரண்டு பக்கத்தையும் விளிம்பையும் நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து, பில், அனுமதி, பழைய அட்டை எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, கணினியில் ஒரே கோப்பாக வையுங்கள். பழைய அட்டை காசோடுதான் இருக்க வேண்டும். அது தொலைந்தால் காசின் வரலாற்றில் பாதி தொலைந்தது.

கழுவாதீர்கள். எலுமிச்சை, புளி, விபூதி, பற்பசை எதுவும் வேண்டாம். கடலோர மண்ணில் கிடந்த வெள்ளியின் மேல் சாம்பல் நிறத்தில் கெட்டியான படிவு இருக்கும். அது வெள்ளியே உப்போடு சேர்ந்து மாறியது. சுரண்டினால் அதற்குள் இருக்கும் எழுத்தும் சேர்ந்து போய்விடும். மென்மையான பி.வி.சி. பிளாஸ்டிக் உறையும் ஆகாது, நாளடைவில் பச்சைப் பிசுபிசுப்பு ஏறும். மைலார் என்ற பாலியெஸ்டர் உறையோ, அமிலமில்லாத காகித உறையோ வாங்குங்கள்.

எல்லாம் முடிந்தபின் காசை லென்ஸுக்குக் கீழே வைத்து மூன்று "வாஹித்"தையும் நீங்களே கண்டுபிடியுங்கள். ஓரத்தில் தெரியும் எழுத்துத் துணுக்குகளை வரைந்து, இணையத் தொகுப்புகளில் உள்ள முழுக் காசுகளோடு ஒப்பிட்டால் உங்கள் காசில் வாசகத்தின் எந்தப் பகுதி விழுந்திருக்கிறது என்று தெரியும். அதையும் எழுதி அதே கோப்பில் சேர்த்துவிடுங்கள். அடுத்து வாங்குபவருக்கு அது உதவும்.